மாஸ்டர் வீட்டில் பெய்த மழை

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். எழுத்து கோணல்மாணல், பொறுத்துக்கொள்ள வேண்டும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று தெரியவில்லை. இந்தக் கொப்பியை என்னைத் தவிர யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் வெட்கமாக இருக்கிறது. கோடு நேராகத்தான் போகிறது, என் எழுத்துகள்தான் அலையில் வள்ளம் போல ஏறி இறங்குகின்றன. பேனையை இறுக்கிப் பிடிக்கிறேனாம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ரீச்சர் சொன்னது: "ஐயா, அது ஓடிப் போகாது. மெல்லமாய்ப் பிடியுங்கோ."

எழுபத்து மூன்று வயதில் எழுத்துப் படித்தவன் நான். சின்ன வயதில் வள்ளத்தில் ஏற்றிவிட்டார்கள். பிறகு இங்கே ஜெர்மனியில், பான் நகரில், உணவகக் குசினி, ஓய்வு வரும்வரை. கையெழுத்துக் கேட்ட இடமெல்லாம் ஒரு கோடு இழுத்துச் சுழித்து விடுவேன். வாசிப்பதெல்லாம் பூமணி. கடிதம், மருந்துப் பெட்டி, டாக்டரைப் பார்க்கிற டெர்மீன் தேதி, எல்லாவற்றுக்கும் என் மனைவியின் கண்தான்.

இப்போது நானே. இன்று வாசித்தவை:

அரிசிப் பை, முழுவதும்.
தமிழ்க் கடை நாட்காட்டி. ராகுகாலம்.
மரண அறிவித்தல் ஒன்று. தெரியாத ஆள். ஆனாலும் பேரப்பிள்ளைகளின் பெயர் வரை முடித்தேன்.

என்ன சந்தோஷம். சொன்னால் சிரிப்பார்கள்.

ஒன்றே ஒன்றுதான். பூமணி பச்சைச் சால்வைக்கு இஸ்திரி போடுகிறாள். நாளை செவ்வாய். மாஸ்டர் வீட்டுக்குப் போகிற நாள்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை விட்டது. குளிர்.

மாஸ்டர் என்றால் கனகசபை மாஸ்டர். ஊரில் படிப்பித்தவர். ரைன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிறார். மனைவி இறந்துவிட்டார். கண்ணின் நடுவில் கறுப்பாக ஒரு வட்டம் வந்துவிட்டதாம். ஓரத்தில் யன்னல் தெரியுமாம், எதிரில் இருக்கும் முகம் தெரியாதாம். வீடு முழுக்கப் புத்தகம். ஒன்றையும் வாசிக்க முடியாது. அதனால் பூமணி போய் வாசிக்கிறாள். செவ்வாயும் வியாழனும்.

நல்ல காரியம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சொன்னேன்.

ஆனால் அவருடைய அலுமாரியில் அத்தனை புத்தகம் இருக்க, இவள் எங்கள் புத்தகத்தை ஏன் கொண்டு போக வேண்டும்? அட்டை கழன்ற சிறுகதைப் புத்தகம். நாங்கள் அகதிகளாக வந்த புதிதில் இருந்த ஹைமில், அகதி விடுதியில், வேறு ஊருக்கு மாற்றப்பட்ட ஒருவர் விட்டுப் போனது. கஷ்டப்பட்ட மனிதர்களின் கதைகள். எல்லோரும் எங்கேயோ போய்க்கொண்டிருப்பார்கள். வண்டியில், நடந்து, கடன்வாங்கிய சைக்கிளில். நான் வேலையால் வந்து வெங்காயம் உரிக்க, பூமணி எதிரில் இருந்து வாசிப்பாள். முப்பத்தைந்து வருஷம். கதை தெரியும், ஆனாலும் கேட்பேன். அந்தக் குரலில் அவர்கள் திரும்பத் திரும்பப் போய்ச் சேருவார்கள்.

நான் எழுத்துக்கூட்டி ஒரு பக்கம் வாசித்துக் காட்டிய அன்று பூமணி அழுதாள். "இனி நீங்களே வாசிக்கலாம்" என்றாள். அதோடு நின்றது. எழுத்துத் தெரிந்தவன், எனக்கு வாசித்துக் காட்டு என்று எந்த முகத்தோடு கேட்பது?

போகுமுன் இஞ்சி போட்டுச் சுடுதண்ணீர் குடித்தாள். தொண்டைக்காம். எனக்கு வாசித்த காலத்தில் இஞ்சியும் இல்லை, பச்சைச் சால்வையும் இல்லை.

திரும்பி வந்து: "மாஸ்டர் சொன்னவர், என்ர குரலில ஒரு தெளிவு இருக்காம்."

"இவ்வளவு நாளும் இருக்கேல்லையோ?"

"நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லையே."

தேங்காயை எடுத்துத் துருவினேன்.

நவம்பர் 5, புதன்

வெயில் கொஞ்சம். மகள் யாழினி போன் எடுத்தாள். தாய் கடைக்குப் போயிருந்ததால் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"அப்பா, உங்களுக்கு எரியுதோ?"

"என்ன எரியுது? வீட்டில ஹீட்டரே எரியேல்லை."

"அந்த மனுசனுக்கு எண்பது வயசு. அம்மாவைத் தங்கச்சி எண்டு கூப்பிடுறார்."

"தங்கச்சி எண்டு கூப்பிட்டால் வடை கொண்டுபோய்க் குடுக்க வேணுமோ?"

விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "அப்ப நீங்களும் போங்கோவன். துரை வரக்கூடாது எண்டு கதவில எழுதிப் போட்டிருக்கோ?" என்று என் பெயரையே சொல்லிக் கேட்டாள்.

எழுதியிருந்தாலும் இப்போது வாசிப்பேன். அதை அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன். நல்ல பதில். அடுத்த முறை.

நவம்பர் 6, வியாழன்

போனேன். நனைந்த இலைகள் வழுக்கும், பூமணி விழுந்துவிடுவாள் என்று காரணம் சொன்னேன். ஒருமுறையும் விழாதவள். வழியில் நான்தான் சறுக்கினேன்.

மாஸ்டர் கதவைத் திறந்து முகத்தைச் சரித்துப் பார்த்தார். "ஆர், துரையோ? வா தம்பி." தம்பி! என் தலையில் ஒரு கறுப்பு மயிர் இல்லை. அவருக்குத் தெரியாதுதான்.

யன்னலோரம் பூமணிக்கென்று ஒரு கதிரை. அதன் மேல் மெத்தை. என்னைக் கதவடியில் இருத்தினார்கள்.

வாசித்த கதை உப்பு வண்டி. எனக்கு மனப்பாடம். ஒரு ஏழை ஒற்றை மாட்டு வண்டியில் உப்பு ஏற்றிச் சந்தைக்குப் போகிறான். பாதி வழியில் மாடு விழுந்து செத்துப்போகிறது. அவன் நுகத்தடியில் தன் தோளைக் கொடுத்து இழுக்கிறான். வானம் இருட்டுகிறது. ஊர்ச் சாவடி வரை இழுத்துவிடுகிறான், கூரைக்குள் வண்டியை ஏற்றிய பிறகுதான் மழை. விடிய உப்பை விற்று ஒரு கன்றுக்குட்டி வாங்குகிறான். அந்தக் கன்றுக்கு நெற்றியில் வெள்ளைச் சுட்டி. இந்தக் கதையை என்னோடு கோப்பை கழுவிய மெஹ்மெத்துக்குக்கூட உடைந்த ஜெர்மனில் சொல்லியிருக்கிறேன். கன்றுக்குட்டிக்கு ஜெர்மனில் என்ன என்று தெரியாமல் குனிந்து கத்திக் காட்டினேன்.

இன்று பூமணி வாசித்தது: சாவடி தெரிகிற தூரத்தில் மழை பிடித்துவிட்டது. உப்பு கரைந்து ஓடியது. அவன் வெறும் சாக்குகளோடு சந்தையில் நின்றான். முடிந்தது.

மாஸ்டர் "ம்" என்றார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். பிழையாக வாசித்துவிட்டாள். அவசரமோ, வேண்டுமென்றோ, எதுவாக இருந்தாலென்ன, சரியான கதை எனக்குத்தான். மாஸ்டருக்குக் கன்றுக்குட்டி இல்லை. பாவம் மனிதர், படித்தவர், அவருக்கு இப்படி ஒரு கதை.

ட்ராமில் பூமணிக்கு யன்னல் பக்கம் விட்டுக்கொடுத்தேன். "என்ன, பாட்டுப் படிச்சுக்கொண்டு வாறியள்?" என்றாள். படித்தது எனக்கே தெரியவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

பூமணி கோவிலுக்கு. நான் காய்ச்சல் குணம் என்று சொல்லிவிட்டு நின்றேன். புத்தகத்தை எடுத்தேன். அந்தக் கன்றுக்குட்டியை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை.

விரலை வைத்து வாசித்தேன். மாடு விழுந்தது. தோள் கொடுத்தான். இருட்டியது. எல்லாம் சரி. பிறகு மழை.

தவறாகக் கூட்டிவிட்டேன் என்று நினைத்தேன். திரும்ப வாசித்தேன். மழைதான். உப்புக் கரைந்தது. வெறும் சாக்கு. அடுத்த பக்கத்தில் வேறு கதை தொடங்குகிறது. கன்று இல்லை. வெள்ளைச் சுட்டி இல்லை.

புத்தகம் கையிலேயே இருந்தது. பூமணி வந்து கதவில் திறப்புப் போடும் சத்தம் கேட்டு வைத்தேன்.

நவம்பர் 8, சனி

தமிழ்ப் பள்ளிக்குப் போகவில்லை. யன்னலடியில் இருந்து இன்னொரு கதை வாசித்தேன். நாள் முழுக்க எடுத்தது.

ஒரு பெண் சிறையில் இருக்கும் புருஷனுக்குச் சோறு கட்டிக்கொண்டு தூர ஊருக்கு நடக்கிறாள். செருப்பு அறுகிறது. வழியில் பசி, ஆனால் பொதியைத் தொடவில்லை. சிறைவாசலில் விடியும்வரை இருக்கிறாள். எனக்குத் தெரிந்த கதையில் கதவு திறக்கும், அவன் வருவான், இருவரும் வாசல் மரத்தடியில் பங்கிட்டுச் சாப்பிடுவார்கள். இதில் கதவு திறக்கவில்லை. அவன் போன மாதமே இறந்துவிட்டான் என்று காவலாளி சொல்கிறான். அவள் பொதியை என்ன செய்வது என்று கேட்கிறாள். அவ்வளவுதான்.

ஆகக்கூடி, மாஸ்டருக்கு வாசிப்பது புத்தகம். எனக்கு வாசித்தது என்ன? பிள்ளைக்கு நிலாக் காட்டிச் சோறு ஊட்டுவது போல ஊட்டியிருக்கிறாள். எழுத்துத் தெரியாதவன்தானே, எதையும் சொல்லலாம். படித்த மனிதரை ஏமாற்ற முடியாது, அவருக்கு உள்ளது உள்ளபடி. மெஹ்மெத்தின் முன்னால் மாடு மாதிரிக் கத்தியவன் நான்.

மாஸ்டர் மேல் இவ்வளவு நாளும் இருந்த எரிச்சல் ஒரு மிளகு. இன்று ஒரு சாக்கு மிளகாய்.

இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றேன். புட்டு. பிறகு சாப்பிட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

பனிப்புகார். எதிர்வீடு தெரியவில்லை.

பூமணி சொதிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டேன்.

"அந்தக் கன்றுக்குட்டி எங்க?"

"எந்தக் கன்றுக்குட்டி?"

"உப்பு வண்டிக்காரன் வாங்கினது. வெள்ளைச் சுட்டி. புத்தகத்தில காணேல்லை."

கத்தி நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கிவிட்டாள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு இன்னும் கோபம் ஏறியது.

"என்னைப் பேயனாக்கினது காணாதோ, சிரிக்கிறாய்?"

"இஞ்சாருங்கோ, இருங்கோ. ஹைமில இருந்தது ஞாபகம் இருக்கோ? அகதி எண்டு பதியக் குடுத்த விண்ணப்பம், அந்த அன்ட்ராக்குக்குப் பதில் வராமல் காத்துக்கொண்டிருந்தம். நீங்கள் சாப்பிடேல்லை, ஆரோடயும் கதைக்கேல்லை. கட்டிலில சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தீங்கள். சும்மா கிடந்த புத்தகத்தை எடுத்து வாசிச்சன். மாடு விழுந்த இடத்தில எழும்பி இருந்தீங்கள். அதுதான் முதல்தரம் எழும்பினது. 'உப்புப் போய்ச் சேர்ந்ததோ?' எண்டு கேட்டீங்கள். எங்கட அன்ட்ராக் அந்த வண்டியில போற மாதிரிக் கேட்டீங்கள். நான் எப்பிடி அதில மழையைப் பெய்ய விடுறது?"

ஞாபகம் வந்தது. கட்டிலின் மேல்தட்டு. சுவரின் பச்சைப் பெயின்ட்.

"சரி, அது அண்டைக்கு. பேந்து முப்பத்தைந்து வருஷமும்?"

"பேந்து எப்பிடி மாத்துறது? கன்றுக்குட்டி வளர்ந்திட்டுது."

"அப்ப மாஸ்டருக்கு மட்டும் ஏன் மழை?"

"அவருக்கு மழை பெய்தால் எனக்கென்ன?"

திரும்ப லீக்ஸ் வெட்டினாள்.

இந்த வசனத்தை இங்கே ஒருமுறை முழுதாக எழுதி வைக்கிறேன். அவருக்கு மழை பெய்தால் எனக்கென்ன. நல்ல வசனம். சொதியும் நன்றாக இருந்தது.

நவம்பர் 11, செவ்வாய்

குளிர். இன்று மார்ட்டின் நாள், பிள்ளைகள் பின்னேரம் காகித விளக்கோடு தெருவில் போவார்கள். பேக்கரியில் மா மனிதன் விற்கிறார்கள், மனித உருவில் சுட்ட பாண், திராட்சைக் கண், வாயில் புகை பிடிக்கிற மண் சுங்கான். பூமணி இரண்டு வாங்கினாள். ஒன்றின் சுங்கான் உடைந்திருந்தது. உடையாதது மாஸ்டருக்குப் போனது. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நான் போகவில்லை. ஞாயிறு கேட்ட வசனத்தோடு வீட்டில் நிம்மதியாக இருந்தேன்.

திரும்பி வந்தவள் கோட்டைக் கழற்றாமல் இருந்தாள். மாஸ்டருக்குக் காலையில் கண் டாக்டரிடம் டெர்மீன். இனி ஊசி போட்டும் பிரயோசனம் இல்லையாம். இருக்கிற ஓரமும் மெல்ல மெல்லப் போய்விடும். "கதை வாசிக்க விடேல்லை. மா மனிதனைக் கையில வைச்சுத் தடவிக்கொண்டே இருந்தார்" என்றாள். பச்சைச் சால்வை ஈரம்.

"வியாழக்கிழமை சிறைவாசல் கதைதான் வருது" என்றாள்.

அவள் என்ன யோசிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். கொரோனா காலத்தில் மாஸ்டரின் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவரை உள்ளே விடவில்லை. கஞ்சிப் போத்தலோடு போய் வாசலில் நின்றுவிட்டு, அதே போத்தலோடு திரும்பி வந்தவர்.

நவம்பர் 12, புதன்

எழுத மனமில்லை. இரண்டு வரி.

பூமணி குசினியில் வாய்க்குள் ஏதோ சொல்லிப் பார்க்கிறாள். நான் போனதும் நிறுத்திவிட்டாள்.

நவம்பர் 13, வியாழன்

காற்று. நானும் போனேன். இந்த முறை காரணம் சொல்லவில்லை.

பாலத்தில் ட்ராம் போகும்போது பூமணி கேட்டாள். "அந்தக் கதவைத் திறந்துவிடட்டோ? மனுசன் பாவம்."

"வேண்டாம்" என்றேன். யோசிக்காமல் வந்தது.

"ஏன்?"

"படிச்ச மனுசன். கண்டுபிடிச்சிடும்."

அதுவல்ல காரணம். அவளுக்கும் தெரியும். ஆற்றைப் பார்த்துக்கொண்டு, "பார்ப்பம்" என்றாள்.

பார்ப்பம் என்றால் என்ன? வழி முழுக்க அதுதான். மழையை நிறுத்தியது, கன்று வாங்கிக் கொடுத்தது, சிறைக்கதவைத் திறந்தது, எல்லாம் எனக்காகச் செய்தது. இன்று மாஸ்டருக்கும் திறந்துவிட்டால் பிறகு எனக்கென்று என்ன இருக்கிறது? அந்த மனிதர் கண் இழந்துகொண்டிருக்கிறார், நான் ஒரு கதவுக்குக் கணக்குப் பார்க்கிறேன். தெரிகிறது. தெரிந்தும் அப்படித்தான் இருந்தது.

மாஸ்டர் முகம் சவரம் செய்யாமல். "துரையும் வந்திருக்கிறியோ? நல்லது தம்பி." நான் கதவடிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பூமணிக்குப் பக்கத்தில் போட்டேன். அவள் வாசிக்க, நான் வரியின் கீழ் விரல் வைத்துக்கொண்டு போனேன். ஒரு சொல் கூடினாலும் எனக்குத் தெரிய வேண்டும்.

செருப்பு அறுந்தது. சோற்றுப்பொதி. வாசல். விடிந்தது. என் விரல் அந்த வரிக்கு வந்துவிட்டது. அவள் குரல் வரவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். மாஸ்டர் சத்தம் வரும் பக்கம் தலையைச் சரித்து வைத்திருந்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. இரண்டு கையும் மடியில், எதையோ பிடித்திருப்பது போல. போத்தல் பிடித்தால் அப்படித்தான் இருக்கும்.

நான் விரலை எடுத்துவிட்டேன். எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். என்னவாவது செய்யட்டும். திறக்கட்டும். போய்ச் சாப்பிடட்டும்.

பூமணி என் கை போன இடத்தைப் பார்த்தாள். பிறகு வாசித்தாள். கதவு திறக்கவில்லை. போன மாதமே. இந்தப் பொதியை என்ன செய்வது. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் விடவில்லை.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு அது எதற்கு என்று தெரியவில்லை, ஆனால் கழற்றித் துடைத்தார்.

"கடைசிப் பக்கத்தை இன்னொருக்கா வாசியுங்கோ, தங்கச்சி."

வாசித்தாள். இரண்டாம் முறையும் அதேதான். மாஸ்டர் தன் மனைவியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். பெயர் தவமலர். இவ்வளவு நாளும் அவர் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. கஞ்சியில் உப்புப் போட்டதோ இல்லையோ என்பதுகூட இப்போது ஞாபகம் இல்லை என்றார். சொல்லிச் சிரித்தார். நான் தேநீர் போட்டேன். அவர் வீட்டில் சீனி எங்கே என்று போத்தல்களை வாசித்துக் கண்டுபிடித்தேன்.

திரும்பும்போது ட்ராமில் கேட்டேன். "ஏன் திறக்கேல்லை? நான்தான் விரலை எடுத்தனே."

"கண்டன்" என்றாள். பிறகு: "திறந்திருந்தால் அந்த மனுசன் தனிய இருந்து யோசிக்கும். எல்லாருக்கும் திறக்கிற கதவு எனக்கு மட்டும் ஏன் திறக்கேல்லை எண்டு."

இது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்காது.

பாலம் வந்தது. பக்கத்தில் ஒரு பெண், மடியில் சைக்கிள் தொப்பி. பூமணியின் காதுக்குக் கிட்டப் போய்க் கேட்டேன். முகம் சூடானது. "எனக்கு ஒருக்கா சொல்லு. என்ர கதையை."

"நீங்கள்தான் இப்ப வாசிப்பீங்களே."

"அது புத்தகத்தில இருக்கிறது. நான் கேட்கிறது மற்றது."

பார்த்தாள். புத்தகம் பைக்குள், பையின் ஸிப் மூடியபடி. சால்வையைக் கழுத்தில் சரிசெய்துவிட்டுத் தொடங்கினாள். இஞ்சித் தண்ணீர் இல்லாமல். சிறைவாசலில் விடிந்தது. பெரிய கதவு. உள்ளே திறப்புச் சத்தம். கதவு திறந்தது, அவன் வந்தான், மெலிந்துபோய், தாடியோடு. மரத்தடியில் பொதியை அவிழ்த்தார்கள். முதல் வாய் வைத்துவிட்டு அவன் சொன்னானாம்: "இவ்வளவு தூரம் நடந்து வந்தனி, கறிக்குக் கொஞ்சம் புளி விட்டிருக்கலாமே."

அந்தப் புளி முன்பு இல்லை. முப்பத்தைந்து வருஷத்தில் ஒருமுறையும் இல்லை. ட்ராமில், பாலத்தின் நடுவில், இன்றைக்குத்தான் வந்தது. சத்தமாகச் சிரித்துவிட்டேன், தொப்பிப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

மாஸ்டரிடம் இதைச் சொல்லமாட்டேன். யாழினியிடமும்.

விரல் மடங்க மறுக்கிறது, மை உள்ளங்கை முழுக்க. அடுத்த கிழமை கை ஆறியதும் இதே இடத்தில் இருந்து தொடர்கிறேன். இப்போது பூமணி வெங்காயம் உரிக்கக் கூப்பிடுகிறாள்.